இலக்கண முனிவர் பாணினி

சிந்து ஆறு மலைகளினின்றும் இறங்கி வரும் வழியில், மேற்கிலிருந்து பாய்ந்து வரும் காபூல் ஆறு அதனோடு கலக்கின்றது. அந்தக் கூடலுக்கு அண்மையில், பண்டைக் காலத்தில் காந்தாரம் என்று வழங்கிய நாட்டில், சலாதுரம் என்னும் ஊர் இருந்தது. பாகிசுதான் நாட்டின் வடமேற்கு மாநிலத்தில் லாகூர் என்னும் பெயரோடு இன்று விளங்கும் சிறிய ஊரே அது என்பர் ஆராய்ச்சியாளர். பஞ்சாபிலுள்ள பெருநகரமாகிய லாகூர் வேறு, இது வேறு. வடமொழிக்கு இலக்கணம் வகுத்த பாணினி முனிவர் இவ்வூரினர். அவர் வாழ்ந்த காலம் கி.மு. 5 அல்லது 4ஆம் நூற்றாண்டு என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். அவர் அன்னையின் பெயர் தாட்சி. பிற்காலத்தவராகிய பதஞ்சலி அவரைத் தாட்சியின் மகன் என்று குறிப்பதனால் இச்செய்தி நமக்குக் கிடைத்துள்ளது.

பெரியோர் வரலாற்றில் உண்மை குறைந்த இடங்களைக் கதைகள் வந்து நிரப்புதல் இயல்பு. 11ஆம் நூற்றாண்டில் சோமதேவர் இயற்றிய கதாசரித்சாகரம் என்னும் நூல், பாணினியை இளமையில் மந்த அறிவுடைய மாணவராகக் காட்டுகின்றது. ஆசிரியர் வருடரின் பள்ளியில் பாடம் ஏறாமல் வருந்திய அவர், இமயம் சென்று தவம் இயற்றிச் சிவபெருமானிடம் இலக்கணத்தைப் பெற்றாராம். பெருமானின் உடுக்கையிலிருந்து எழுந்த 14 ஒலித்தொடர்களே அந்நூலின் அடிப்படை என்று மற்றொரு மரபு கூறும். இக்கதைகளை வரலாறாகக் கொள்ளுதற்கில்லை. ஆயினும் ஓர் உண்மை இவற்றினுள் மறைந்து கிடக்கின்றது: தனி மனிதர் ஒருவர் இத்தகைய நூலை ஆக்கியிருத்தல் கூடும் என்று பின் வந்தோரால் எளிதில் நம்ப இயலவில்லை.

பாணினி வெறும் வெளியிலிருந்து தம் நூலைப் படைத்தாரல்லர். சாகடாயனர், ஆபிசலி, கார்க்கியர் முதலாகத் தமக்கு முன்னிருந்த ஆசிரியர் பதின்மரை அவர் பெயர் சுட்டிக் குறிப்பிடுகின்றார். நூல் வழக்கோடு மக்கள் வழக்கையும் அவர் கூர்ந்து நோக்கினார். கீழ்த்திசையார் ஒரு சொல்லை இவ்வாறு வழங்குவர், வடதிசையார் அவ்வாறு வழங்குவர் என்று வேறுபாடுகளைப் பதிவு செய்தார். பஞ்சாபில் ஓடும் பியாஸ் ஆற்றுக்கு அந்நாளில் விபாசை என்று பெயர். கிணறுகளை, அவற்றை வெட்டியவர் பெயரால் வழங்குதல் அப்பக்கத்து மரபு. அவ்வாற்றின் வடகரைக் கிணறுகளின் பெயர்களில் அழுத்தம் முதல் அசையில் விழும், பிறவிடங்களில் அவ்வாறில்லை. உழவரும் ஆயரும் தம்மை அறியாமலே பேசிய இந்த நுண்ணிய வேறுபாட்டுக்கும் அவர் ஒரு நூற்பா அமைத்தார்.

ஒரு மொழியிலுள்ள சொற்களையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துரைத்து முடித்தல் யார்க்கும் இயலாது. தேவகுருவாகிய பிரகசுபதி இந்திரனுக்கு ஆயிரம் தேவ ஆண்டுகள் சொற்களை ஓதியும் எல்லை காணவில்லை என்று ஒரு பழங்கதை உண்டு. ஆதலால் பொதுவிதி ஒன்றும், அதற்கு விலக்காகும் சிறப்புவிதி சிலவும் அமைத்து, அளவற்ற சொற்களை அளவுடைய விதிகளால் பெறச் செய்தலே இலக்கணத்தின் வழி. இவ்வழியில் பாணினி சென்ற தொலைவுக்கு, அவருக்கு முன் சென்றவர் நூல் எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. அட்டாத்தியாயி என்னும் அவர் நூல் 8 இயல்களையும், இயல் ஒன்றுக்கு 4 பகுதிகளையும் உடையது. நூற்பாக்கள் சற்றேறக்குறைய 4,000. வினைப்பகுதிகள் ஏறத்தாழ 2,000 அடங்கிய பட்டியல் ஒன்றும், ஒரே விதிக்கு உட்படும் சொற்களைத் தொகுத்த பட்டியல் ஒன்றும் அதற்குத் துணையாவன.

அந்நூல் படித்துச் சுவைக்கும் நூலன்று. ஓர் இயந்திரம் போல இயங்குவது. பகுதியையும் விகுதியையும் ஒருபுறம் இட்டால், விதிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செயற்பட்டு, மறுபுறம் முடிந்த சொல் வெளிவரும். உயிரெழுத்துகள் அனைத்தையும் அச் என்னும் ஒரே அசையாலும், மெய்கள் அனைத்தையும் ஹல் என்னும் ஒரே அசையாலும் அவர் குறித்தார். விகுதிகளின் முன்னும் பின்னும் ஒலிக்கப்படாத எழுத்துகளை அடையாளமாக ஒட்டினார். அவை இவ்விடத்தில் இன்ன மாற்றம் நிகழ்க என்று பணித்துவிட்டு மறைந்துவிடும். முன் நூற்பாவில் வந்த சொல்லைப் பின் நூற்பாவில் மீண்டும் கூறாமல் வருவித்துக் கொள்ளச் செய்தார். நன்னூல் பயின்றோர் தவளைப் பாய்த்து என்னும் நூற்பா நிலையை அறிவர். அதுபோலச் சில சொற்கள் இடையிலுள்ள நூற்பாக்களைத் தாண்டிச் சென்று பொருந்துதலும் உண்டு என உரைகாரர் கூறுவர்.

நூலின் இறுதி நூற்பா வியப்புக்குரியது. குற்றெழுத்தாகிய அகரத்தை மக்கள் வாயைச் சிறிது ஒடுக்கி ஒலிப்பர். நெடிலாகிய ஆகாரத்தையோ வாய் திறந்து ஒலிப்பர். இரண்டையும் ஓரினமாகக் கொண்டாலன்றி விதிகள் செவ்வனே ஓடமாட்டா. ஆதலின் நூல் முழுவதிலும் அகரமும் திறந்த ஒலியே என்று பாணினி வைத்துக்கொண்டார். அஃது உண்மைக்கு மாறானது என்பதை அவர் மறக்கவில்லை. எல்லா விதிகளும் முடிந்த பிறகு, இரண்டே எழுத்துகளால் ஆகிய ஒரு நூற்பாவினால் அகரத்தை அதன் இயல்பான ஒலிக்கே திருப்பிவிட்டார். வசதிக்காகக் கொண்ட பொய்ம்மையை நூலின் கடைசி வரியில் அவரே நீக்கிவிட்டார் என்பது பொருள்.

பாணினியின் இறுதி பற்றியும் கதையே உள்ளது. அவரை ஓர் அரிமா கொன்றது என்று பஞ்சதந்திரம் கூறுகின்றது. அவர் மறைந்த நாள் திரயோதசி என்று கொண்டு, அந்நாளில் இலக்கணப் பாடம் நடத்தாமல் விடும் வழக்கம் பண்டிதரிடையே இருந்தது. 7ஆம் நூற்றாண்டில் இந்தியாவிற்கு வந்த சீனப் பயணியார் யுவான் சுவாங், சலாதுரத்தில் அவர் உருவச்சிலையைப் பற்றி அறிந்து எழுதியுள்ளார்.

பாணினியின் வாழ்வு முடிந்தது. அவர் நூலின் சோதனை தொடங்கிற்று. கி.மு. 3ஆம் நூற்றாண்டளவில் காத்தியாயனர் என்னும் பேரறிஞர் தோன்றினார். அவர் தென்திசையாளர் எனப் பதஞ்சலி சுட்டுகின்றார். பாணினியின் நூற்பாக்களுள் 1,200க்கு மேற்பட்டவற்றை அவர் ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்து, ஏறத்தாழ 4,000 குறிப்புகள் எழுதினார். அக்குறிப்புகள் வார்த்திகம் எனப்படும். ஒவ்வொரு விதியையும் அவர் கேட்ட கேள்விகள் இரண்டு. மக்கள் வழங்காத சொல்லை இவ்விதி பிறப்பிக்கின்றதா? மக்கள் வழங்கும் சொல்லை இவ்விதி எட்டாமல் விடுகின்றதா? மிகைபடக் கூறல், குன்றக் கூறல் என்று தமிழிலக்கணம் பெயரிட்டுள்ள குற்றங்களே இவை.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஆண்பாற் பெயரிலிருந்து அவன் மனைவியின் பெயரைப் பெறும் விதிகளிடையே, 12 சொற்களைத் தொகுத்து ஆனி என்னும் ஈறு பெறுமாறு பாணினி ஒரு நூற்பா செய்துள்ளார். இந்திரன் மனைவி இந்திராணி. பவன் மனைவி பவானி. மாதுலன் ஆகிய மாமன் மனைவி மாதுலானி. இவையெல்லாம் பொருந்தும். ஆனால் அந்தப் பன்னிரண்டனுள் பனி என்று பொருள்படும் ஹிமம், காடு என்று பொருள்படும் அரணியம், வாற்கோதுமையாகிய யவம், யவனன் என்னும் சொற்களும் உள்ளன. விதியை எழுத்துப்படி இயக்கினால் ஹிமானி என்பவள் பனியின் மனைவி ஆவாள்; அரணியானி காட்டின் மனைவி ஆவாள்! சொல்லின் வடிவம் சரியாக வருகின்றது, பொருளோ நகைப்புக்கிடமாகின்றது. காத்தியாயனர் இதனைக் கண்டார். பனிக்கும் காட்டிற்கும் இவ்வீறு வரும்போது பெருமைப் பொருள் கொள்க என்றார். ஹிமானி பெரும்பனி, அரணியானி பெருங்காடு ஆயின. வாற்கோதுமையோடு வருமிடத்துக் குறையுடைய தானியம் என்றும், யவனனோடு வருமிடத்து யவனரின் எழுத்துமுறை என்றும் வரையறுத்தார். கிரேக்கரின் எழுத்தைப் பற்றிய மிகப் பழைய குறிப்புகளுள் ஒன்று, இவ்வாறு ஒரு பிழைதிருத்தத்தின் வாயிலாக நமக்குக் கிடைத்துள்ளது.

தமிழர்க்கு உரிய செய்தி ஒன்றும் காத்தியாயனரிடம் உண்டு. ஒரு நாட்டுக்கும் அதனை ஆளும் குடிக்கும் ஒரே பெயர் வழங்குமிடத்து, அக்குடியில் வந்தவனுக்கும் அரசனுக்கும் பெயர் அமைக்கும் விதிகளைப் பாணினி தந்தார். அவ்விதிகளால் பாண்டு என்னும் சொல்லிலிருந்து பாண்டிய என்னும் வடிவம் பிறவாது. காத்தியாயனர் அதற்கெனத் தனி ஈறு ஒன்றைச் சேர்த்தார். கம்போசம் என்னும் பெயரின்பின் ஈறு கெடும் என்று மட்டும் பாணினி கூறியிருந்தார். கம்போசம் முதலியன என்று அதனை விரித்து, சோழர் பெயரும் அடங்குமாறு செய்தார் காத்தியாயனர். காந்தாரத்தில் வாழ்ந்த பாணினியின் காதிற்கு எட்டாத வேந்தர் பெயர்கள் இவை போலும். இங்கே விதியின் அமைப்பில் குற்றமில்லை. விதி கண்ட உலகம் சிறிதாயிருந்தது. பிழை காண்போர் இவ்விரண்டையும் பிரித்தறிதல் வேண்டும். காத்தியாயனர் அறிந்தார்; ஆதலால்தான் விதியை இடிக்காமல் விரித்துவிட்டார்.

இத்தனை குறைகளை எடுத்துக் காட்டியவர் பாணினியின் பகைவராய் இருந்திருக்க வேண்டும் என்று 1861இல் கோல்டுசுடூக்கர் என்னும் அறிஞர் எழுதினார். ஆனால் 1876இல் கீல்ஹார்ன் என்னும் செருமானிய அறிஞர் வார்த்திகங்களை முறையாக ஆராய்ந்து இக்கருத்தை மறுத்தார். காத்தியாயனர் பல இடங்களில் தடையை எழுப்புவதே அதற்கு விடை கூறிப் பாணினியை நிலைநிறுத்துதற்குத்தான் என்றும், விடை காண இயலாதபோது மட்டுமே திருத்துகின்றார் என்றும் அவர் காட்டினார். கீல்ஹார்ன் கூறியதே பொருத்தமாகத் தோன்றுகின்றது. பகைவன் ஒருவன் 4,000 குறிப்பு எழுதும் அளவுக்கு ஒரு நூலோடு வாழ்ந்திருக்க மாட்டான்.

கி.மு. 2ஆம் நூற்றாண்டில் வந்த பதஞ்சலி, இவ்விருவர் நூல்களையும் வைத்துக்கொண்டு மகாபாடியம் என்னும் பேருரையை இயற்றினார். காஞ்சிபுரத்தின் பெயரைக் குறிப்பிடும் மிகப் பழைய வடமொழி நூல்களுள் அதுவும் ஒன்று. பதஞ்சலி பலவிடங்களில் பாணினிக்காக வாதாடுகின்றார். காத்தியாயனர் ஒரு சொல்லைச் சேர்க்கச் சொன்னால், சேர்ப்பதனால் வேறோரிடத்தில் வேறொரு சொல் கெடுவதை எடுத்துக் காட்டுகின்றார். ஒன்றோடொன்று பிணைந்த விதிகளில் இத்தொல்லை எப்போதும் உண்டு. கூரையில் ஓர் ஓட்டை நகர்த்தி ஒழுக்கை அடைத்தால், அடுத்த அறையில் ஒழுகத் தொடங்கும். ஆயினும் பதஞ்சலியும் கண்ணை மூடிக்கொண்டு வாதாடியவரல்லர். பாணினியின் நூற்பாக்கள் சிலவற்றைத் தேவையற்றவை என்று அவரே தள்ளிவிடுகின்றார்.

இரண்டு விதிகள் ஒரே இடத்தில் மோதினால் என் செய்வது? பின்னது வெல்லும் என்று பாணினி ஒரு நூற்பா வைத்தார். நூல் வரிசையில் பின்னால் நிற்கும் விதியே வெல்லும் என்று உரைகாரர் பொருள் கொண்டனர். இவ்வாறு கொண்டால், சிலவிடங்களில் பிழையான சொல் வந்து நிற்கின்றது. அங்கெல்லாம் முன்னது வென்றாலன்றிச் சரியான சொல் கிடைப்பதில்லை. பதஞ்சலி இதற்கு ஒரு வழி கண்டார். பின்னது என்பதற்குரிய வடசொல்லுக்கு, விரும்பப்படுவது என்னும் பொருளும் உண்டு என்றார். எனவே, சரியான சொல்லைத் தருகின்ற விதி எதுவோ அது வெல்லும் என்றாயிற்று. விடையை முன்னரே அறிந்தவர்க்கு இவ்வழி போதும்; அறியாதவர்க்கு இது வழிகாட்டுமா என்பது ஐயமே.

விதி பெரிதா, வழக்குப் பெரிதா என்னும் கேள்விக்குப் பதஞ்சலி கூறும் கதை ஒன்று மிகச் சுவையானது. இலக்கணப் புலவர் ஒருவர் ஒரு தேரைக் கண்டு, இதன் ஓட்டுநர் யார் என்று வினவினார். ஓட்டுநரைக் குறிக்க, பாணினியின் விதிப்படி அமைந்த பிரவேதா என்னும் சொல்லை வழங்கினார். தேர்மேலிருந்தவன் தானே அதன் பிராஜிதா என்றான். ஓட்டுதற்பொருளுடைய வினைப்பகுதி இவ்விடத்தில் வேறு வடிவு கொள்ளும் என்பது விதி. ஆகவே அவன் கூறியது வழுச்சொல் என்று புலவர் கடிந்தார். தேரோட்டி அஞ்சவில்லை. புலவர் விதி எங்கே செல்லும் என்பதை அறிவாரேயன்றி, மக்கள் எதனை ஏற்பர் என்பதை அறியார் என்றும், பிராஜிதா என்பதே உலகம் ஏற்ற வடிவம் என்றும் கூறினான்.

புலவர்க்குச் சினம் பொங்கியது. தேரோட்டிக்குச் சூதன் என்று பெயர். அச்சொல்லில் முன்னிற்கும் சு என்பதை நன்மை குறிக்கும் முன்னொட்டாகக் கருதி, அதனை நீக்கித் தீமை குறிக்கும் துர் என்பதை வைத்து, துருதன் என்று வைதார். தேரோட்டி அதற்கும் அசையவில்லை. சூதன் என்பது புலவர் எண்ணுவதுபோல நெய்தற்பொருளுடைய பகுதியிலிருந்து வந்ததன்று, செலுத்துதற்பொருளுடைய பகுதியிலிருந்து வந்தது என்று விளக்கினான். தன்னை வையவேண்டுமாயின் துச்சூதன் என்று வைதலே இலக்கண முறை என்றும் திருத்தினான். இலக்கணம் கற்றவரைத் தேரோட்டி இருமுறை வென்ற இக்கதையை, இலக்கணப் பேருரை ஒன்றினுள்ளேயே பதஞ்சலி எழுதி வைத்தார்.

பாணினி, காத்தியாயனர், பதஞ்சலி மூவரையும் மும்முனிவர் என்று இலக்கண மரபு போற்றுகின்றது. இம்மூவர் கருத்தும் மாறுபடுமிடத்து யார் கூற்றைக் கொள்வது? முதல்வர் கூற்றையே கொள்ள வேண்டும் என்று பலரும் எண்ணக்கூடும். மரபு அவ்வாறு விதிக்கவில்லை. முன்னவரினும் பின்னவர்க்கே அதிகாரம் மிகுதி என்று விதித்தது. முன்னவர் கண்டதையும் கண்டு, அவர் காணாததையும் கண்டவர் பின்னவர் ஆதலின் இவ்வாறு கொண்டனர் போலும்.

ஐரோப்பாவில் பாணினியின் நூலை 1839-40இல் போட்லிங்கு என்பவர் பான் நகரில் பதிப்பித்தார். அங்கும் சோதனை ஓயவில்லை. பாணினி மரபின் வினைப்பகுதிப் பட்டியலில் பாதிக்கு மேற்பட்டவை எந்த இலக்கியத்திலும் காணப்படவில்லை, ஆகவே அவை புனைந்துரைக்கப்பட்டவை என்று அமெரிக்க அறிஞர் விட்னி சாடினார். பூலர் என்னும் அறிஞர் 1894இல் அதற்கு மறுமொழி எழுதினார். ஏட்டில் இல்லாத அப்பகுதிகளுட் பல, பாலி மொழியிலும் பிராகிருதங்களிலும் இக்கால வடஇந்திய மக்கள் மொழிகளிலும் உயிரோடு வாழ்வதை அவர் எடுத்துக் காட்டினார். குற்றம் பட்டியலில் இல்லை. தேடிய இடமே குறுகியது என்று தெளிவாயிற்று.

20ஆம் நூற்றாண்டில் கணிப்பொறி தோன்றியபோது பாணினியின் பெயர் எதிர்பாராத இடத்தில் ஒலித்தது. கணிப்பொறிக்குரிய செயற்கை மொழிகளின் இலக்கணத்தை எழுதுதற்குப் பாக்கசு என்பவர் ஒரு குறியீட்டு முறையை வகுத்திருந்தார். அத்தகைய முறையைப் பாணினி முன்னரே கையாண்டார் என்றும், ஆகவே அதனைப் பாணினி-பாக்கசு வடிவம் என்று அழைக்கலாம் என்றும் 1967இல் இங்கர்மன் என்பவர் கருத்துரைத்தார். பின்னர்ப் பாரிசு நகரிலும் ஐதராபாத்துப் பல்கலைக்கழகத்திலும் வடமொழிச் சொற்களை ஆக்கவும் பிரிக்கவும் வல்ல நிரல்கள் எழுதப்பட்டன.

விதிகளைப் பொறியிடம் ஒப்படைத்தவுடன் காத்தியாயனர் கண்ட இடர்களெல்லாம் மீண்டும் எழுந்தன. மாணவன் விதியைத் தவறாகப் புரிந்துகொண்டாலும் தன் மொழியறிவால் தப்பிப் பிழைப்பான். பனிக்கு மனைவி இல்லை என்பது அவனுக்குத் தெரியும். பொறிக்கோ விதியன்றி வேறெதுவும் தெரியாது. ஆகவே எந்த மொழிக்காயினும் பொறியிலக்கணம் எழுதுவோர், சரியான சொற்களின் பட்டியல் ஒன்றும் வழுச்சொற்களின் பட்டியல் ஒன்றும் வைத்துக்கொள்கின்றனர். முதற்பட்டியலில் உள்ளவை எல்லாம் பிறக்க வேண்டும். இரண்டாவதில் உள்ளவை ஒன்றும் பிறத்தலாகாது. ஒரு விதியைத் திருத்தியவுடன் பட்டியல்கள் முழுவதையும் மீண்டும் ஓட்டிப் பார்க்கின்றனர். ஏனெனில் திருத்தம் எங்கே புதுப்பிழையைப் பிறப்பிக்கும் என்று முன்கூட்டிச் சொல்லுதல் அரிது.

விதிகள் மோதுமிடத்தில் விரும்பப்படுவது வெல்லும் என்ற பதஞ்சலியின் வழி பொறிக்கு உதவாது. பொறிக்கு விருப்பம் இல்லை. 2022இல் கேம்பிரிட்சுப் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் ஒருவரின் ஆய்வேடு வெளிவந்தது. பின்னது என்று பாணினி கூறியது நூல் வரிசையில் பின்னதையன்று என்பது அவர் முடிபு. சொல்லின் வலப்பக்கத்து உறுப்பின்மேல் செயற்படும் விதியையே அது குறிக்கின்றது என்றும், அவ்வாறு கொண்டால் பதஞ்சலியின் வழி வேண்டா என்றும் அவர் எழுதினார். வடமொழி இலக்கண அறிஞர் சிலர் இதனை ஏற்காமல், அவர் கொள்கைக்கு அடங்காதனவாகத் தாம் கருதிய சொற்களை எடுத்துக் காட்டி மறுத்தனர்.